ஏழு கிலோ பையும் பச்சை பஞ்சாபி சூட்டும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் மனைவியின் அலமாரிக்கு முன்னால் அரை மணி நேரம் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன்.

எதையும் தொலைத்துவிட்டுத் தேடவில்லை. லங்காவித் தீவுப் பயணத்துக்கு அவளுடைய துணிகளை எடுத்துப் பையில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அந்த அலமாரியை நானாகத் திறந்தது அன்றுதான். மனைவியின் அலமாரியில் எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று உங்களில் எத்தனை ஆண்களுக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்... அதுதானே!

எங்கள் மகள் தேவி பினாங்கில் வேலை செய்கிறாள். அவள்தான் எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். நான்கு நாள் லங்காவி. கடற்கரைப் பக்கமே ஹோட்டல். எல்லாம் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது, அவள் போனில் நிபந்தனைகளைச் சொல்லும் வரைக்கும்.

"ப்பா, ஆளுக்கு ஏழு கிலோதான். கையில தூக்கிட்டுப் போற பேக் மட்டும். அப்புறம், இப்ப அங்க மழையே இல்ல, சரியான வெயில். வெயிலுக்கு ஏத்த துணியா பார்த்து எடுங்க."

முதல் குழப்பம் அங்கேயே வந்துவிட்டது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் குடியேறி, அறுபது வயதைத் தாண்டியவன் நான். வெயிலுக்கு ஏற்ற துணி என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்ன? குளிருக்கென்று எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே இரண்டு ஸ்வெட்டர்கள். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது மட்டும் அவை வெளியே வரும். மற்றதெல்லாம் வெயிலுக்கு ஏற்றதுதான். வேறு வழி?

"சும்மா எல்லாத்தயும் திணிக்காதீங்கப்பா. கேப்சூல் வார்ட்ரோப் மாதிரி எடுங்க."

"கேப்சூலா? அம்மாவுக்கு மாத்திரைதானே குடுத்திருக்காங்க?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு பொறுமையாக விளக்கினாள். கொஞ்சமாகத் துணி, ஆனால் ஒன்றோடு ஒன்று சேரும் துணி. நாலு மேலுக்கு, மூணு கீழுக்கு. மாற்றி மாற்றிப் போட்டால் பன்னிரண்டு விதம். கணக்கு என்னவோ சரிதான். கட்டிலில் பரப்பிப் பார்த்தபோதுதான், பன்னிரண்டில் பத்து விதம் கண்ணைக் குத்தியது.

மாத்திரை என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி மல்லிகா பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். போன வருடம் அவளுக்குத் தைராய்டு அதிகமாகிவிட்டது. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் வேர்வை. பல மாத வைத்தியத்துக்குப் பிறகு, இப்போது எல்லாம் கட்டுக்குள் வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். எங்காவது போய் வாருங்கள் என்றும் சொன்னார். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

பங்கோர் தீவுக்கு ஒரு நாள் போவதென்றால்கூட மூன்று நாளைக்கு முன்பே பையைக் கட்டி வாசலில் வைக்கிறவள் மல்லிகா. இந்தத் தடவை பையின் பக்கமே வரவில்லை. கேட்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்பாள். நாளைக்குக் கேட்டால், தலை வலிக்கிறது என்பாள். கடைசியில், "நீங்களே எதையாச்சும் எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

எதையாச்சுமா? என்னை நம்பியா?

உடம்பு அசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சரி, அசத்திவிடலாம்! தேவியின் பட்டமளிப்பு விழாவுக்குப் போட்ட பச்சை பஞ்சாபி சூட். எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிக்குப் போட்டுப் போன இரண்டு காட்டன் மேல்சட்டைகள். ஒரு வெள்ளைச் சட்டை. மூன்று கால்சட்டைகள். மடித்து வைத்துவிட்டு எடை பார்க்கலாம் என்று போனால், குளியலறையில் எப்போதும் கிடக்கும் எடை மெஷினைக் காணோம். வீடெல்லாம் தேடி, ஸ்டோர் ரூமில் பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் கண்டுபிடித்தேன்.

"மல்லி, இது ஏன் இங்க கிடக்கு?"

"தெரியலயே" என்றாள், செடியைப் பார்த்தபடி.

பை ஆறு கிலோ எண்ணூறு. எனக்கோ மலை ஏறிவிட்ட பெருமிதம்.

பயணத்தன்று ஈப்போவிலிருந்து பினாங்குக்குக் கார் ஓட்டிப் போனோம். பாரிட் புந்தார் வயல்களைக் கண்டால் குழந்தை மாதிரி எட்டிப் பார்க்கிறவள், அன்று வழி முழுக்கப் பேசவே இல்லை. விமான நிலைய வாசலில் தேவி காத்திருந்து, காரை வாங்கிக்கொண்டாள்.

பாதுகாப்புச் சோதனையில் நான் சுலபமாகத் தாண்டிவிட்டேன். மல்லிகா அந்த வாசலுக்குள் நுழைந்ததும், பீப்! திரும்பப் போய் வந்தாள். மறுபடியும் பீப்! வளையலைக் கழற்றினாள். அப்போதும் பீப்! ஒரு பெண் அதிகாரி அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். ஐந்து நிமிடம். எனக்கு ஐம்பது நிமிடம்.

தலையைக் குனிந்தபடி வெளியே வந்தாள்.

"என்னாவாம்?"

"ஊக்குலா."

"ஊக்கா? எத்தன ஊக்கு?"

"வாங்க, போலாம்."

ஒரு பெண்ணின் உடையில் மெஷினே கத்துகிற அளவுக்கு ஊக்கு எதற்கு? விமானம் ஏறிய பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் லங்காவி வந்துவிட்டது.

ஹோட்டல் அறை. மதியம் மூன்று மணி. ஜன்னலுக்கு வெளியே கடல் தகதகவென்று கண்ணைக் கூச வைத்தது. நான் பையைத் திறந்து, மந்திரவாதி புறாவை எடுப்பது மாதிரி அந்தப் பச்சை சூட்டை எடுத்து நீட்டினேன்.

"இதப் போடு மல்லி. போட்டோ எடுக்கலாம்."

அவள் என்னையும் சூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனாள். வெளியே வந்தபோது கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. தோள் தையல் முழங்கைக்குப் பாதி தூரம் இறங்கியிருந்தது. கால்சட்டை நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாசகர்களே, நான் என்ன செய்தேன் தெரியுமா?

சிரித்தேன்.

"என்னா மல்லி, யாரோட சட்டைய யாரு போட்டுட்டு வந்தது?" என்று வேறு கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கழற்றிப் போட்டிருந்த பழைய உடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதன் இடுப்பிலும் பக்கங்களிலும் உள்பக்கமாக வரிசையாக ஊக்குகள். நான் எண்ணவில்லை. எண்ணத் தைரியம் வரவில்லை.

"ஏழு மாசமா எந்தத் துணியும் எனக்குச் சரியா இல்லங்க" என்றாள். "வீட்டுல கெலாவார் போட்டுக்கிட்டேன். வெளிய போனா இப்படி ஊக்குப் போட்டு இழுத்துப் பிடிச்சிக்கிட்டேன். எடை மெஷினையும் நான்தான் கண்ணுல படாம வெச்சேன்."

கெலாவார் என்றால் நம் ஊர் வீடுகளில் எல்லாப் பெண்களும் போடுவார்களே, இறக்கை வைத்த, பூப்போட்ட பாத்தேக் துணியில் தைத்த தொளதொள அங்கி, அதுதான். அதற்கு சைஸ் கிடையாது. யார் போட்டாலும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே ஆள் பாதியாகிவிட்டாலும் தெரியாது. பார்க்கிறவன் என்னை மாதிரி இருந்தால், சுத்தமாகத் தெரியாது.

"ஏன் மல்லி என்கிட்ட சொல்லல?"

அவளுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபமே இல்லாமல் சொன்னாள்.

"இதுல சொல்றதுக்கு என்னா இருக்கு? நீங்க தெனமும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

வாரா வாரம் இந்தப் பத்தியில் என்னவெல்லாம் எழுதுகிறேன்! மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர் முகம், பஸ்ஸில் தூங்குகிறவர் கால், பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கழுவும் விதம்... எதையும் விட்டதில்லை. எதிரில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறவளை விட்டுவிட்டேன். கிளினிக்கில் டாக்டர் எடை குறைந்ததைச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எண்ணைக் கேட்டேன். ஆளைப் பார்க்கவில்லை.

"புதுசா ரெண்டு எடுத்திருக்கலாமே?" என்றேன். அப்போதும் புத்தி வரவில்லை பாருங்கள்.

"ரெண்டு தடவ கடைக்குப் போனேங்க. வாசல்லயே திரும்பிட்டேன். இந்த ஒடம்புக்குத் துணி வாங்குனா, இனிமே இதுதான் நானுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு." மடியிலிருந்த ஊக்கு ஒன்றைத் திருகினாள். "இன்னும் கொறைஞ்சிக்கிட்டே போயிட்டா...? அந்தத் துணிய யாரு போடுறது?"

அவளே தொடர்ந்தாள். "நீங்க போயி கடலப் பார்த்துட்டு வாங்க. நாலு நாளுதானே, நான் ரூம்லயே இருந்துக்குறேன்."

நான் கீழே இறங்கினேன். கடலைப் பார்க்க அல்ல. என்ன செய்வதென்று தெரியாமல்தான் இறங்கினேன். ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே ஒரு பாத்தேக் துணிக்கடை. மலாய்க்காரப் பெண்மணி ஒருவர், தலையில் துடுங் முக்காடு, வாய் நிறையச் சிரிப்பு. மனைவிக்கு உடை வேண்டும் என்றேன்.

"சைஸ்?" என்றார்.

"எக்ஸ்எல்" என்றேன் பழக்கத்தில். உடனே, "இல்ல, இல்ல" என்றேன்.

அவர் தன் தோளைத் தொட்டுக் காட்டினார். என்னை மாதிரியா? அப்போது கடைக்குள் வந்த ஒரு சுற்றுலாக்காரியைக் கண்ணால் காட்டினார். அவரை மாதிரியா? நான் இரண்டு பேரையும் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருக்கும் ஒருத்தி எவ்வளவு அகலம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையை விரித்தேன், சுருக்கினேன், மறுபடியும் விரித்தேன். கடைக்காரப் பெண்மணி பாவமாகப் பார்த்தார்.

போனை எடுத்து அறைக்கு அழைத்தேன்.

"மல்லி, ஒனக்கு என்னா சைஸ்?"

"தெரியலங்க."

"எனக்கும் தெரியல. இங்க கேக்குறாங்க, நான் முழிச்சிக்கிட்டு நிக்குறேன். நீயே கொஞ்சம் வந்து பாரேன்."

வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். இருபது நிமிடம் கழித்து வந்தாள். அதே பழைய உடை, அதே ஊக்குகள். கடைக்காரப் பெண்மணி அவளை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். ஒரு பார்வைதான்! பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "எக்ஸ்எல்? மானா அடா, பாங்!" என்று சிரித்தார். இவங்க எங்கே எக்ஸ்எல், அண்ணே, என்று அர்த்தம். ஒரு நீல நிற மேல்சட்டையை உருவி மல்லிகாவின் கையில் கொடுத்து, திரைக்குப் பின்னால் அனுப்பினார்.

வெளியே வந்தவள் கண்ணாடி முன்னால் நின்றாள். தோள் தோளில் இருந்தது. கை கையில் இருந்தது. எங்கும் ஊக்கு இல்லை. பக்கவாட்டில் திரும்பினாள். மறுபடியும் நேராக நின்றாள். கழுத்துக்குப் பின்னால் கையை விட்டு லேபிளை இழுத்து என்னிடம் காட்டினாள்.

"படிங்க."

"எம்" என்றேன்.

"மீடியமா? கல்யாணத்தப்பகூட நான் மீடியம் இல்லங்க!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. இது சந்தோஷமா, துக்கமா? எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. கடைக்காரப் பெண்மணிக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். மல்லிகாவுக்கு அல்ல, எனக்கு!

நல்ல வேளை போட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மூன்று மேல்சட்டை, இரண்டு தொளதொளக் கால்சட்டை, ஒரு தொப்பி. தேவி சொன்ன கேப்சூல் அதுவாகவே சேர்ந்துவிட்டது. எதை எதோடு போட்டாலும் கண்ணைக் குத்தவில்லை. அந்த நான்கு நாளும் அதைத்தான் மாற்றி மாற்றிப் போட்டாள். மாலையில் முழங்கால் வரைக்கும் கடலில் இறங்கி நின்றாள். கால்சட்டை நனைந்தது. நனையட்டும் என்று விட்டுவிட்டாள்.

நான் எடுத்து வைத்த ஆறு கிலோ எண்ணூறும், அந்தப் பச்சை சூட்டைத் தவிர, மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது.

போன வாரம் கிளினிக்குக்குப் போனோம். மல்லிகா தானாகவே எடை மெஷினில் ஏறி நின்றாள். இறங்கி என் பக்கம் வந்தாள்.

"ஒன்றரை கிலோ ஏறியிருக்குங்க."

வசமாக மாட்டிக்கொண்டேன். இதற்கு நான் என்ன சொல்வது? உடம்பு தேறுகிறதே என்று சந்தோஷப்படுவதா? புதுச் சட்டை இறுக்கிவிடுமே என்று வருத்தப்படுவதா? எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஆபத்து. வாயை மூடிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் துணிந்து சிரித்தேன்.

யாருக்காவது பை கட்டும் வேலை உங்களிடம் வந்தால், ஒன்றே ஒன்று சொல்வேன். ஏழு கிலோ கிடக்கட்டும் — முதலில் ஆளைப் பாருங்கள், அப்புறம் துணியை மடியுங்கள்!