மைனியின் முதுகெலும்பு

என் இடுப்பு வலிக்கு எடுத்த ஸ்கேனில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளில் இரண்டு பிதுங்கியிருந்தன. அன்றிலிருந்து எங்கள் தறிக்கூடத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் கல்யாண ஆல்பம் போலக் காட்டினேன். குனிவதையே விட்டுவிட்டேன்.

ஆடி மாதம் என் அண்ணன் மனைவிக்கு, மைனிக்கு, சிறுநீரகத்தில் கல்லடைப்பு. அதற்கு எடுத்த ஸ்கேனில் முதுகெலும்பும் பதிவாகியிருந்தது. டாக்டர் அதையும் நான் கையோடு கொண்டுபோயிருந்த என் படத்தையும் அருகருகே மாட்டினார். மைனிக்கு மூன்று வட்டுகள் தேய்ந்து, எலும்போரத்தில் முள்முள்ளாக வளர்ந்திருந்தது.

"மைனி, ஒனக்கு இடுப்பு வலிக்கலையா?"

"எனக்கென்னட்டி! கல்லு வலி வாரதுக்கு முந்துன நாளுதான் ஆடிச்சுற்று நூத்தியெட்டும் முடிச்சேன்."

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒங்க வலி பொய்யில்லம்மா. ஆனா முடி நரைக்க மாதிரி வட்டும் தேயும். படத்துல தேய்மானம்தான் தெரியும், வலி தெரியாது."

நான் மைனியின் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். சாம்பல் வெளிச்சத்தில் அந்த எலும்பு கோயில் படிக்கட்டு போல, தேய்ந்தும் அசையாமல் நின்றது. இதை வைத்துக்கொண்டா இவள் கோயிலை நூற்றியெட்டு முறை சுற்றினாள்?

வெளியே வந்ததும் மைனி சட்டென்று குனிந்து, வழக்கம்போல் என் செருப்பையும் சேர்த்து எடுத்து என் காலடியில் போட்டாள்.