ரிசப்ஷன் செடி யாருக்க மொவ?

"…தண்ணி வேண்டா, வெளிச்சம் வேண்டா, டிரை டே வேண்டா. மாசத்துக்கு ஒருதரம் தொடச்சா மதி. நான் பறயுறது சரியல்லே, செல்வி?"

சுரேஷ் சார் இதைச் சொல்லிக்கொண்டே அட்டைப்பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் செடியை எடுத்து ரிசப்ஷன் மேசைமேல் வைத்தார். எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனியின் ஃபெசிலிட்டி மேனேஜர் அவர். லிஃப்ட் நின்றாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும், செடி வாடினாலும் அவர்தான். மலையாளி. என்னிடம் மட்டும் தமிழைக் கலந்து பேசுவார்.

பிளாஸ்டிக்குக்குப் பக்கத்தில் என்னுடைய செடி நின்றது. நடுவில் சிவப்பு நட்சத்திரம் போலப் பூத்திருந்த பூ இப்போது கரிந்து, இலையெல்லாம் துவண்டு கிடந்தது. உள்ளதைச் சொன்னால், பிளாஸ்டிக்குக்குத்தான் உயிர் இருப்பதுபோலத் தெரிந்தது.

"திங்கக்கெழம வரைக்கும் டைம் தாங்க சார்" என்றேன்.

"தராம். அது கழிஞ்சா முப்பத்தாறு செடியும் பிளாஸ்டிக். நீ பழையபடி பாத்ரூம் டியூட்டிக்குப் போகணும், கேட்டோ."

பாத்ரூம் வேலை கேவலம் என்று சொல்லமாட்டேன். திருவனந்தபுரம் வந்தபிறகு ஆறு வருடம் அதுதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. ஆனால் தரை கழுவுகிற லோஷன் என் கைக்கு ஆகாது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, மீன் கழுவினால் கண்ணில் தண்ணீர் வரும். செடி வேலைக்கு வந்த ஏழு மாதத்தில்தான் என் கை ஆறியிருந்தது.

செடி டியூட்டி கிடைத்த கதை

செடிகளை வாடகைக்குக் கொடுத்தவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு, செடிகளை எங்களிடமே விட்டுப் போய்விட்டார்கள். காலை வரிசையில் நிற்கும்போது சுரேஷ் சார், "செடி அறியுந்தவங்க ஆருண்டு?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். களியக்காவிளையில் அம்மா வீட்டில் கறிவேப்பிலையும் பிச்சியும் வைத்தவள் என்ற தைரியம்தான்.

முதல் நாள் சாயங்காலமே மானம் போயிற்று. மீட்டிங் ரூமில் கோடு போட்ட இலைச்செடி ஒன்று. ஆறு மணிக்குப் பார்க்கிறேன், விரிந்திருந்த இலையெல்லாம் கைகூப்பினதுபோல மேலே மடங்கி நிற்கிறது. சாகப்போகிறது என்று பதறி ரெண்டு கப் தண்ணீர் ஊற்றினேன். காலையில் விரிந்து நின்றது. ஆஹா, பிழைக்க வைத்துவிட்டேன் என்று தினமும் சாயங்காலம் ரெண்டு கப். ஒரு வாரத்தில் இலை மஞ்சளடித்தது.

கூட வேலை பார்க்கும் லீலா சேச்சிதான் சொன்னாள்: "எடீ, அதுக்கு டியூட்டி கழிஞ்ஞு. நம்மளைப் போலே பஞ்ச் அடிச்சிட்டுப் போகுது. ஒறங்கப் போறவளை எதுக்குக் குளிப்பிக்குந்ந?"

பெயர் தெரிந்தால் வளர்க்கும் விதமும் தெரிந்துவிடும் என்று, செக்யூரிட்டி தம்பியின் போனில் படமெடுத்துப் பார்த்தோம். ஒரே செடிக்கு அந்த ஆப் மூன்று நாள் மூன்று பெயர் சொன்னது. "இதுக்கு ஆதார் கார்டு இல்லல்லோ" என்றாள் சேச்சி.

அப்போதுதான் எங்கள் ஊர் வழக்கம் நினைவுக்கு வந்தது. தெருவில் புதுமுகம் ஒன்று வந்தால் நாங்கள் பெயரையா கேட்போம்? "நீ யாருக்க மொவ?" என்றுதான் கேட்போம். அப்பன் பெயர் தெரிந்தால் போதும், அந்தப் பிள்ளை என்ன தின்னும், எதற்குக் கோபப்படும் என்பதுவரை சொல்லிவிடுவோம். செடியிடமும் அதையே கேட்க ஆரம்பித்தேன். கைகூப்புகிறவளின் இலையைத் தடவினால் கூவைக்கிழங்கு இலை. ஆகவே நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், சகதி வேண்டாம். லிஃப்ட் பக்கம் ஈட்டிபோல நிற்கிறவன் நம் வேலியோரத்து மருள். பட்டினி போட்டாலும் நிற்பான். கண்ணாடிச் சுவரில் ஏறுகிற மணி பிளான்ட்டை வெற்றிலைக்குச் சொந்தம் என்று நினைத்தேன். நர்சரிக்காரர் சிரித்து, சேம்புக் குடும்பம் என்று திருத்தினார். ஆளைப் பார்த்துச் சாதிசனம் சொன்னால் சிலநேரம் இப்படித் தப்பும்.

ரிசப்ஷனில் நின்ற சிவப்புப் பூக்காரி மட்டும் பிடி கொடுக்கவில்லை.

சாலையில் ஒரு சனிக்கிழமை

சுரேஷ் சார் கெடு கொடுத்த மறுநாள் அரைநாள் வேலை முடிந்து, அந்தச் செடியின் பழுத்த இலை ஒன்றைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு திருவனந்தபுரத்துச் சாலை பஜாருக்குப் போனேன். வீட்டுச் சாமான் வாங்கவும்தான். வள்ளியூர்க்காரி முத்துலட்சுமி அங்கே அன்னாசிப்பழம் குவித்து விற்பாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், வாய் மட்டும் பத்து வயது மூத்தது. பழத்தின் தலைக்கொண்டையைத் திருகி எடுத்துக் கீழே போட்டாள். நான் அதை எடுத்து, என் இலையை அதன்மேல் வைத்தேன். ஒன்றுபோல வளைந்து, ஒன்றுபோல அடியில் அகன்று… முள் மட்டும்தான் இல்லை.

"முத்து, இது கைதச்சக்கைக்க சொந்தமாட்டி?"

கைதச்சக்கை என்றால் எங்கள் பக்கத்தில் அன்னாசி.

அவள் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "சாடைதான் அப்படியே இருக்கே! ஏன் மூஞ்சிய தொங்கப் போட்டிருக்கிய?"

"பூத்து முடிஞ்சு சாவுது."

"பின்ன? எங்க அப்பா அன்னாசி போட்டவரு. ஒரு தடவ காய்ச்சா தாய் முடிஞ்சிது. நீங்க ஒப்பாரி வைக்காம கீழ பாருங்க. தாய் சாயும்போதுதான் பிள்ள எட்டிப் பாக்கும். குருத்துல தண்ணி நிக்குமே, அத வத்த விட்டியளா?"

வாரம் ஒருநாள் எங்களுக்கு டிரை டே. கொசு வராமலிருக்க, தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்ட வேண்டும். இந்தச் செடியின் நடுக்குழியில் எப்போதும் தண்ணீர் நிற்கும். ஏழு மாதமாக ஒரு வாரம் தவறாமல் கவிழ்த்துக் கொட்டியவள் நான்தான்!

"எக்கா, குடிக்கிற செம்ப வாயிலருந்து புடுங்கிட்டு, மெலிஞ்சு போச்சுன்னு அழுதியளா?" என்று சிரித்தாள் முத்துலட்சுமி.

திங்கட்கிழமை

எட்டு மணிக்கே போய்விட்டேன். தொட்டியில் வெள்ளைக் கூழாங்கல் பரப்பியிருக்கும். அழகாக இருக்கட்டும் என்று வாராவாரம் கழுவித் தண்டோடு நெருக்கி அடுக்குவேன். ஒவ்வொன்றாக எடுத்தேன். ஏழெட்டுக் கல் எடுத்ததும், தண்டின் அடியில் வெளிர்பச்சையாக ஒரு மூக்கு. அந்தப் பக்கம் இன்னொன்று, கல்லுக்கடியில் நசுங்கி, வளைந்து, விடாமல் வெளியே வரப் பார்க்கிறது. நான் போட்ட சத்தத்தில் லீலா சேச்சி மாப்போடு ஓடிவந்தாள். "பிரசவம் கழிஞ்ஞோ!" என்று கத்தினாள்.

அந்த நேரம் பார்த்து சுரேஷ் சார் வந்தார். அட்டைப்பெட்டி அங்கேயே கிடந்தது. "எந்தா இங்கே சத்தம்?" என்றார்.

"சார், இது செத்துப்போவல. பெத்துருக்கு."

நம்பாமல் பார்த்தார். பிறகு இஸ்திரி போட்ட பேன்ட்டோடு தரையில் மண்டியிட்டு, போன் டார்ச்சை அடித்தார்.

"ரெண்டுண்டு" என்றார்.

"ரெண்டு இருக்கு சார்."

"அப்போ கொசு?"

"டிரை டேக்குக் கவுத்துட்டு, உடனே புதுத் தண்ணி ஊத்திருவேன் சார். கொசுவும் வராது, இதுவும் காயாது."

அன்றைக்குக் கற்றதைத்தான் செடி வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் சொல்கிறேன். தெரியாத செடி வந்தால் பெயருக்கு அலையாதீர்கள், பெயர் பின்னால் வரும். எனக்கும் இது அன்னாசிக் குடும்பத்து ப்ரோமிலியாட் என்று பிறகுதான் தெரிந்தது. யாருடைய சொந்தம் என்று பாருங்கள். சொந்தம் தெரிந்தால் பசி தெரியும். செத்துவிட்டது என்று யாராவது சொன்னால், கல்லை நகர்த்திப் பார்த்துவிட்டு அழுங்கள்.

சுரேஷ் சார் எழுந்து முழங்காலைத் தட்டினார். பிளாஸ்டிக் செடியைத் தூக்கி செக்யூரிட்டி தம்பியிடம் நீட்டி, "இத திரிச்சு அயச்சேக்கு, வேண்டாம்னு பறயு" என்றார். திருப்பி அனுப்பச் சொல்கிறார்; இனி என் கைக்கு லோஷன் இல்லை.

"ஒண்ணு எனக்கு வேணும், செல்வி. வீட்டுக்கு."

"இப்பம் பிரிச்சா சாவும் சார். மூணு நாலு மாசம் அம்மைகூட நிக்கட்டும்."

அவர் சரி என்று தலையாட்டினார். பிறகு குனிந்து, காலியாகக் கிடந்த அட்டைப்பெட்டியில் ஒரு மூலையைக் கிழித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதில் தன் பெயரை எழுதி, பெரிய குட்டிக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தி வைத்தார்.