கொழுந்தன் கட்டிய பாவாடை

லூலாஷ் உடுத்தி முடிக்க நண்பகல் ஆகிவிடும். கறுப்புப் பின்னல் ஓடும் வெள்ளைக் கம்பளிக் கால்சட்டை, சிவப்பு மேற்சட்டை, மார்பு நிறைய வெள்ளிச் சங்கிலி, இடுப்புக் கச்சையில் கைத்துப்பாக்கி, தலையில் வெள்ளைத் தொப்பி. கெல்மெந்து மலையில் அவனைப் போல உடுத்த ஆளில்லை. அவனைப் போல உதவாக்கரையும் இல்லை. சேறு படும் என்று ஆட்டுப்பட்டிக்குள் கால் வைக்கமாட்டான். அந்தக் கால்சட்டையை வெளுத்துப் போடுவது அண்ணி த்ராந்தே. கணவன் மேய்ச்சல் மேட்டில் கிடக்க, இந்தத் துரைக்குச் சோள ரொட்டி சுட்டுப் போட்டே அவளுக்குப் பாதி ஆயுசு போயிற்று.

ஒரு கல்யாணத்தில் சாராயம் உள்ளே போனதும் லூலாஷ், அதே மலைக்காரனான ப்ரெக்கின் செத்துப்போன தம்பியைக் கோழை என்று சபை நடுவே சொல்லிவிட்டான். ப்ரெக் அங்கே இல்லை. இருந்திருந்தால் லூலாஷ் வாய் திறந்திருக்கமாட்டான்.

மறுநாள் காலை வாசலுக்கு வெளியே குரல் கேட்டது.

"ஏ லூலாஷ்! வெளிய வா, பேசணும்!"

ப்ரெக்தான். தோளில் துப்பாக்கி.

"அண்ணி, நான் ஊர்ல இல்லேன்னு சொல்லிடு."

"நீயே போய்ச் சொல்லேன். நேத்து அவ்ளோ பேசுன வாய்தானே?"

அவன் அவளுடைய பெட்டியைத் திறந்தான். கம்பளிப் பட்டைகளை அடுக்கித் தைத்த கனத்த கறுப்புப் பாவாடை, மணி போல விரிந்து நிற்பது, அதை வெளியே இழுத்தான்.

"அடப்பாவி! அது என் கல்யாணத்துக்கு நான் தச்சது!"

"பொம்பளைய யாரும் சுடமாட்டாங்க அண்ணி!"

அவன் பாவாடையைக் கட்டி, அவளுடைய முக்காட்டை மீசைக்கு மேல் இழுத்துவிட்டு, பெண்கள் சுமக்கும் தண்ணீர்ப் பீப்பாயை முதுகில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். வெளியேற அந்த ஒரு வாசல்தான்.

அந்தப் பாவாடை நடக்கத் தெரிந்தவளுக்கு மட்டும் அசைந்து கொடுக்கும். சிறுபிள்ளையிலிருந்து பழகிய இடுப்பு வேண்டும். லூலாஷின் முட்டியில் அது மோதி மோதி இடித்தது. தறிகெட்ட கன்றுபோலத் தடுமாறி நடந்தான்.

ப்ரெக் மேலும் கீழும் பார்த்தான். துப்பாக்கியில் கை போகவில்லை. ஒதுங்கி வழி விட்டான்.

"பாத்துப் போம்மா. பாரமா இருக்கும்."

பிறகு வாசலுக்கு வந்து நின்ற த்ராந்தேவிடம் திரும்பினான். "ஒரு ஆம்பளையத் தேடி வந்தேன் தாயி. இந்த வீட்ல இல்ல போலிருக்கு." அவ்வளவுதான். போய்விட்டான்.

லூலாஷுக்கு வெட்கம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. மழைக்காலம் வருமுன் மறுபடி சங்கிலியும் துப்பாக்கியுமாக, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம், "ப்ரெக்கா? என் வாசல் வரைக்கும் வந்தான், உள்ள வரத்தான் தைரியமில்ல" என்று அளந்துகொண்டிருந்தான்.

த்ராந்தே காபி கொண்டுவந்தாள். எல்லோருக்கும் நேராக நீட்டினாள். லூலாஷின் முறை வந்ததும் தன் முழங்காலை மடக்கித் தூக்கி, அதன் அடியில் கோப்பையை நுழைத்துக் கொடுத்தாள். அந்த மலையில் மானம் போனவனுக்குக் காபி கொடுக்கிற விதம் அது. அப்படிக் கொடுத்தபின் எந்த ஆணும் அதைக் குடித்ததில்லை. கோப்பையைத் தட்டிவிட்டு, போன மானத்தை மீட்கக் கிளம்பிவிடுவான். ஒரு பெண் அப்படிக் கொடுத்தும் யாரும் பார்த்ததில்லை.

கிழவர் ஒருவர் புகைக்குழாயைக் கீழே வைத்தார்.

லூலாஷ் கோப்பையைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். வாங்கி உறிஞ்சினான்.

"சர்க்கரை பத்தல அண்ணி."

த்ராந்தே உள்ளே போய்ச் சர்க்கரை எடுத்து வந்து போட்டாள்.