தையலுக்குப் பயந்து வாயை மூடினேன்

கல்யாணமாகி எட்டாவது மாதம் என் வீட்டுக்காரிக்கு அடிவயிற்று வலி அதிகமானது. மாதாமாதம் வருவதுதானே என்று சுருண்டு படுத்துக்கொள்வாள். சமையலிலிருந்து தப்பிக்க நல்ல வழி பிடித்திருக்கிறாய் என்று நான் கேலி பண்ணுவேன். ஒரு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. என் லோடு ஆட்டோவிலேயே வடகரப்பதியிலிருந்து பாலக்காட்டுக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தேன். வலது சினைப்பையில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு கட்டி. நான் பேசிய பேச்சையெல்லாம் நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

மூன்று சின்னத் துளை போட்டுக் கட்டியை மட்டும் எடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் அது ஒட்டிப் பிடித்திருந்தால் சினைப்பையையே எடுக்க வேண்டி வரும். இடது பக்கமும் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது, உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்றார். அதற்குச் சம்மதம் என்று எங்கள் இருவரிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். தாள் முழுக்க மலையாளம். நான் தமிழ் மீடியத்தில் ஒன்பதாவது, அதிலும் பாதி நாள்தான் போனேன். நர்ஸ் படித்துச் சொன்னார். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், குழந்தை பிறக்குமா என்று. ஒரு பக்கம் இருந்தாலே போதும் என்றார் டாக்டரம்மா. அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை.

அவளைப் பேச வைக்க அன்று சாயங்காலம் கேலி பேசிப் பேசி நான் பாடாய்ப் பட்டேன். கடைசியில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நர்ஸ் அறை வரைக்கும் கேட்டிருக்கிறது.

மறுநாள் காலையில் ஆபரேஷன். முடிந்ததும் டாக்டரம்மா தியேட்டர் வாசலுக்கு வந்து, கட்டியை மட்டும்தான் எடுத்தோம், இரண்டு பக்கமும் பத்திரம் என்று என்னிடம் சொன்னார். எனக்கு ஓடிப்போய் அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அறைக்குக் கொண்டுவந்து படுக்க வைத்ததும் நர்ஸ் என்னைக் கதவோரம் இழுத்து, சிரித்தால் தையல் இழுக்கும், இரண்டு நாளைக்கு உன் வாய்க்குப் பூட்டு என்று மலையாளத்தில் மிரட்டிவிட்டுப் போனார்.

வாயைத் திறந்தால் கேலிதான் வரும் என்று பயந்துபோனேன். அவள் கண் திறந்தபோது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, தூங்கு என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரிச் சொன்னேன். முகம் துடைத்துவிட்டேன். போர்வையை இழுத்துவிட்டேன். வலிக்கிறதா என்று நான்கு தடவை கேட்டேன். அவள் மெல்லச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மதியம் வரைக்கும் அப்படியே கிடந்தாள்.

“ஏனுங்க.”

“சொல்லு புள்ள.”

“ரெண்டையும் எடுத்துட்டாங்களா?”

இல்லவே இல்லை, இரண்டும் இருக்கிறது என்றேன்.

“மறைக்காதீங்க. கண்ணு முழிச்சதுலருந்து நீங்க ஒருக்காக்கூட என்னயக் கேலி பண்ணுலீங்க.”

மாரியம்மன் மேல் சத்தியம் பண்ணினேன். பொய் சொல்லும்போதுதான் நான் சாமியை இழுப்பேன் என்றாள். அதுவும் நிஜம்தான்.

“நீங்க வேற கல்யாணம் பண்ணிக்குங்க. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்” என்றாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

நர்ஸ் சொன்னது மறந்தே போயிற்று.

“செரி, இனி மறச்சு என்ன ஆவப்போவுது. எடுத்த கட்டியத் தட்டுல வெச்சுக் காட்டுனாங்க புள்ள. அப்பிடியே உங்கொப்பன் மூக்கு. இத இங்க வெச்சுட்டு மாமனாரு ஊட்டுல எதுல மூச்சு உடறாருன்னு கேட்டுட்டு வந்தேன்.”

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. உடனே வலியும் வந்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “பாவி, வலிக்குதுங்க” என்று அழுதாள், சிரித்தாள். தலையணையை எடுத்து வயிற்றில் அணைத்துக் கொடுத்தேன். நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

ஆனாலும் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலை டாக்டரம்மா வந்ததும், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரிடம் தனியாகக் கேட்டாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினார். அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.