மச்சானின் முழங்கால்

பிறர் செல்வத்தைக் கண்டு நான் வருந்தியதில்லை. வயலும் மாடும் மிகுந்த உறவினர் எங்கள் குடும்பத்தில் பலர் இருந்தனர். அவர்கள் இல்லத்து விருந்துண்டு மனநிறைவோடு திரும்பியிருக்கிறேன். கல்வியில் என்னை விஞ்சியோரிடம் வலிந்து சென்று ஐயம் தெளிந்திருக்கிறேன். ஆயினும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுப்பகுதியில், ஏறத்தாழ ஓராண்டுக் காலம், ஒருவனுடைய இடது முழங்காலைப் பார்த்துப் பார்த்து நான் உள்ளம் வெந்தேன். அந்த முழங்காலுக்கு உரியவன் என் தாய்மாமன் மகன். என்னோடு ஒத்த வயதினன்.

அக்காலத்தில் நான் ஈழத்து வன்னியிலுள்ள முள்ளியவளையில் தமிழாசிரியனாக இருந்தேன். மச்சான் வயல் செய்யும் கமக்காரன். இருவரும் ஊரின் கிளித்தட்டு அணியில் ஆடினோம். அவ்விளையாட்டை அறியாதார் இப்போது பெருகிவிட்டமையால் சில சொற்கள் கூற வேண்டும். நிலத்தில் நீண்ட கட்டம் ஒன்று கீறி, நடுவே நெடுக ஒரு கோடும் குறுக்கே பல கோடுகளும் இடுவர். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒரு காவலன் நிற்பான். எதிரணியினர் அவன் கைக்கு அகப்படாமல் கோடுகளைக் கடந்து அப்பால் சென்று, மீண்டும் திரும்ப வேண்டும். காவலர் தத்தம் கோட்டிலேயே அசையலாம். ஒருவனுக்கு மட்டும் நடுக்கோட்டிலும் எல்லைக் கோடுகளிலும் விரும்பியவாறு ஓட உரிமை உண்டு. அவனே கிளி. அவன் கை தட்டினாலன்றி ஆட்டம் தொடங்காது. எங்கள் அணியில் அந்தக் கை என்னுடையதாக இருந்தது. வகுப்பில் என்னை மதிக்காத மாணவனும் கிளி என்பதற்காக மதித்தான்.

ஆண்டுதோறும் சித்திரையில் எங்களுக்கும் புதுக்குடியிருப்பாருக்கும் போட்டி நிகழும். அவ்வாண்டு எங்கள் ஊரில் நடந்தது. எதிரணி இளைஞன் ஒருவன் மச்சான் காத்த கோட்டைக் கடக்க முயன்றான். அவனைத் தொட மச்சான் குறுக்கே பாய்ந்தான்; நான் நடுக்கோட்டில் பாய்ந்து வந்தேன். கோடுகள் சந்திக்கும் இடத்தில் எங்கள் முழங்கால்கள் மோதின. எதிரணி இளைஞன் சிரித்துக்கொண்டே அப்பால் போய்விட்டான். என் வலது முழங்காலும் மச்சானின் இடது முழங்காலும் பொழுது சாய்வதற்குள் பனங்காய் போல வீங்கின.

"அது என்ர கோடு. நீ ஏன் வந்தனி?" என்று அவன் படுத்தபடியே கேட்டான்.

"நான் கிளி. எங்கையும் வருவன்" என்றேன்.

ஊர்ப் பரியாரியார் இருவருக்கும் இலை அரைத்துப் பூசிக் கட்டினார். வீக்கம் வடிந்தது; ஆனால் கால் மடங்கவில்லை. பந்தியில் சப்பணமிட்டு உட்கார முடியாமல், நீட்டிய காலோடு உண்ண நேர்ந்தது. மாங்குளம் வழியாகச் செல்லும் பெருவீதியில் மதப்பணியாளர் நடத்திய சிறு மருத்துவமனை ஒன்று இருந்தது. கொழும்பில் இயன்மருத்துவம் பயின்ற அம்மையார் ஒருவர் வாரந்தோறும் ஒரு நாள் அங்கு வருவதாக எங்கள் தலைமையாசிரியர் கூறினார். மருந்து கொடாமல், வெட்டாமல், பயிற்சியினாலேயே மூட்டுகளைச் சீராக்கும் அக்கலை எங்களுக்குப் புதிது. அந்த நாளில் பள்ளியில் விடுப்புப் பெற்று, மச்சானோடு ஒரே இருக்கையில், இருவர் கால்களும் நடைபாதையில் நீண்டிருக்க, பேருந்தில் போய்வரத் தொடங்கினேன்.

அம்மையார் முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், நாற்பதை அணுகும் வயது, வெண்ணிறச் சேலை. எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றே அழைத்தனர். அவருடைய அறையில் இரண்டு கட்டில்கள், உத்தரத்தில் தொங்கும் கப்பியும் கயிறும், கணுக்காலில் கட்டுவதற்கு மணல் நிரப்பிய துணிப்பைகள், நடை பயில்வதற்கு இரு மரக் கைப்பிடிகள், இவையே இருந்தன. முதல் நாளிலேயே தம் முறையைத் தெளிவாக விளக்கினார்.

"முழங்கால் தானா நிக்கிறேல்லை. தொடைதான் அதைப் பிடிச்சு நிப்பாட்டுறது. எங்கட பக்கம் கரைவலை இழுக்கிற ஆக்களைப் பாத்திருப்பியள். கையால இழுக்கினம் எண்டுதான் நினைப்பியள். தொடையைப் பாருங்கோ, இரும்பு மாதிரி இருக்கும். உங்கட தொடை படுத்துக் கிடந்து மெலிஞ்சு போச்சு. முதல் தொடையை இறுக்கோணும். சில்லு மேல ஏறோணும். பிறகு காலை நீட்டினபடி தூக்கோணும்."

முழங்காலின் கீழ் ஒரு சுருட்டிய துவாய்த் துணியை வைத்து, அதைக் கட்டிலோடு அழுத்தச் செய்வார். அழுத்தும்போது தொடை இறுகி முழங்காற்சில்லு மேலேறும். பின்னர் மணற்பையைக் கணுக்காலில் கட்டிக் காலைத் தூக்கச் செய்வார். இறுதியில், இரண்டு கைகளுடைய கோணமானி ஒன்றை முழங்காலில் பொருத்தி, கால் எவ்வளவு மடங்குகிறது என அளப்பார். கேத்திரகணிதப் பாடத்தில் நான் கண்ட கருவி, என் உடம்பை அளக்கும் என்று எண்ணியதில்லை.

முதற் சில வாரங்களில் இருவரும் ஒரே நிலையில் இருந்தோம். அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. துன்பத்தில் மச்சான் துணையாக இருந்தது இனிமையாகவே இருந்தது. பின்னர் ஒரு நாள் அவன் முழங்கால் செங்கோணத்தை அடைந்தது. என்னுடையது விரிகோணத்திலேயே நின்றது.

"தம்பி, உங்கட கால் சொல்வழி கேக்குது" என்றார் மிஸ்ஸி. என் பக்கம் திரும்பி, "மாஸ்டற்ற காலுக்குத்தான் படிப்பிலை விருப்பமில்லை" என்றார்.

மச்சான் வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று பேருந்தில் திரும்புகையில் அவன் காலை மடித்து இருக்கைக்குள் வைத்துக்கொண்டான். நடைபாதையில் நீண்டிருந்தது என் கால் மட்டுமே; ஏறுவோரும் இறங்குவோரும் அதையே கடந்து போயினர். அழுக்காறு என்னும் சொல்லுக்கு வகுப்பில் எத்தனையோ விளக்கம் கூறியிருக்கிறேன். அது தொண்டைக்குக் கீழே ஒரு சூடாக வந்து அமரும் என்பதை அந்தப் பேருந்தில்தான் அறிந்தேன்.

அன்று முதல் அவனை வேவு பார்க்கலானேன். உளுந்து மிகுதியாக உண்கிறானோ? பரியாரியாரிடம் மறைவாக எண்ணெய் வாங்குகிறானோ? மாமி அவனுக்கு நாட்டுக்கோழி முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பதாகக் கேள்வியுற்று, என் தாயாரிடம் அவற்றைக் கேட்டுப் பெற்றேன். வீட்டில் பயிற்சியை அவனிலும் மிகுதியாகச் செய்தேன். இலக்கணத்தை ஓதுவது போல் ஒழுங்காகச் செய்தேன். முழங்கால் அசையவில்லை. அவன் முழங்காலோ கூர்ங்கோணத்துள் புகுந்துகொண்டிருந்தது. சித்திரை நெருங்கிவருவதும், அணியினர் "அடுத்த கிளி ஆர்?" என்று பேசிக்கொள்வதும் என் செவிக்கு எட்டின. மணற்பையைத் தூக்கும்போது நான் நினைத்தது என் முழங்காலை அல்ல. அவன் கை தட்டி ஆட்டத்தைத் தொடங்கும் காட்சியை.

என் கால் தேறாமைக்குக் காரணம் மிக எளியது. மச்சான் முழங்காலுக்கு மேலே நிற்கும் காக்கி அரைக் களிசான் அணிந்து வருவான். வயலில் அணிவதும் அதுவே. நான் வேட்டி உடுத்து வருவேன். கட்டிலில் படுத்ததும் அதைக் கணுக்கால்வரை இழுத்து மூடிக்கொள்வேன். ஆடுகளத்தில் கொடுக்குக் கட்டித் தொடை தெரிய ஓடியவன்தான் நான். ஆனால் ஓர் ஆசிரியன், அறை ஒன்றில் மல்லாந்து கிடந்து, அருகே நிற்கும் பெண்ணுக்குத் தொடையைக் காட்டுவது எங்கள் ஊரில் எண்ணவும் இயலாதது. ஆசிரியரின் வேட்டியை விலக்கச் சொல்வது மிஸ்ஸிக்கும் அவ்வாறே. ஆகவே அவர் கோணமானியை வேட்டியின் மேலேயே வைத்து அளந்தார். "தொடையை இறுக்குங்கோ மாஸ்டர்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் இறுக்குவதாக எண்ணிக்கொண்டு, முழங்காலைச் சற்றே மடித்து, இடுப்பை எறிந்து மணற்பையைத் தூக்கினேன். தொடைக்கு வேலையே இல்லை. இருவரும் மரியாதை காத்தோம். முழங்கால் அப்படியே கிடந்தது.

ஒரு நாள் என் பயிற்சி நீண்டுகொண்டே போயிற்று. மச்சான் பயிற்சி முடித்துக் கதிரையில் அமர்ந்து, சாளரத்தின் வழியே வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென எழுந்தான்.

"மிஸ்ஸி, குறை நினையாதேங்கோ. இவர் வேட்டிக்குள்ள முழங்காலை மடிச்சுக்கொண்டெல்லோ தூக்கிறார். தொடை சும்மா படுத்துக் கிடக்கு."

"நீங்கள் எப்பிடிக் கண்டனீங்கள்?"

"பக்கத்துக் கட்டில்லை இவ்வளவு நாளும் கிடந்தனான்தானே. காத்து வந்தால் வேட்டி விலகும்."

"பின்னை ஏன் முந்திச் சொல்லேல்லை?"

"வாத்தியாற்ற வேட்டியைப் பற்றி நான் என்னெண்டு வாய் திறக்கிறது? இண்டைக்கும் இவராலை பஸ்ஸை விட்டால் என்ர மாடுகளை ஆர் அவிழ்க்கிறது?"

மிஸ்ஸியின் முகம் சிவந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாஸ்டர், அடுத்த முறை அரைக் களிசானோட வாங்கோ. இல்லாட்டி வராதேங்கோ" என்றார்.

என்னிடம் அரைக் களிசான் இல்லை. எங்கள் இரு வீட்டிலும் அதை வைத்திருந்தவன் ஒருவனே. கேட்காமலேயே அவன் ஒன்றைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். "இடுப்பிலை கொஞ்சம் தொளதொளக்கும். கயிறு கட்டிக்கொள்" என்றான். அதை அணிந்து கட்டிலில் படுத்தபோது, என் தொடை அவன் தொடையில் பாதியாக மெலிந்திருப்பதை முதன்முதலாகப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். மிஸ்ஸி கையால் தட்டி, "இந்த இடம். இது அசையோணும்" என்றார். நெடுநேரம் முயன்றபின், அச்சதை ஒரு மீன் துள்ளுவது போல ஒருமுறை துள்ளிற்று. மகிழ்ச்சி மேலிட்டது. அம்மகிழ்ச்சியையும் மச்சானே பெற்றுத்தந்தான் என்ற எண்ணம் அதன் பின்னாலேயே வந்தது.

அதன்பின் என் கால் விரைந்து தேறியது. சித்திரைக்குச் சற்று முன்னர் மிஸ்ஸி இருவரையும் முற்றத்தில் ஓடச் செய்து பார்த்தார். பின்னர், "தம்பி ஓடலாம், திரும்பலாம், பாயலாம். மாஸ்டர் நேர ஓடலாம். சைக்கிள் ஓடலாம், அது காலுக்கு நல்லது. சடாரெண்டு திரும்புறது மழை முடியுமட்டும் வேண்டாம்" என்று முடிவு கூறினார். திரும்ப முடியாதவன் கிளியாக முடியாது. அணியினர் மச்சானைக் கிளியாக்கினர். எனக்குக் கடைசிக் கோட்டைக் கொடுத்தனர். அதில் நின்று பக்கவாட்டில் அசைந்தால் போதும்.

அவ்வாண்டுப் போட்டி புதுக்குடியிருப்பில். அறுவடை முடிந்த வெளியில் கோடு கீறியிருந்தனர். மச்சான் நடுவில் நின்று கை தட்டினான். ஓசை நன்றாகவே எழுந்தது. என் கையிலிருந்து அவ்வளவு எழுந்ததில்லை.

ஆட்டத்தின் இறுதியில் எதிரணியில் ஒருவன் மட்டும் எஞ்சினான். முந்தைய ஆண்டு சிரித்துக்கொண்டு போன அதே இளைஞன். அவன் என் கோட்டுக்கு வந்தான். நான் குறுக்கே நகர்ந்தேன். நடுக்கோட்டில் மச்சான் பாய்ந்து வருவதைக் கடைக்கண்ணால் கண்டேன். கோடுகள் சந்திக்கும் அதே இடம். இந்த முறை கிளி அவன், கோடு என்னுடையது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். மோதல் நிகழவில்லை. கண் திறந்தபோது, என் விரல் அந்த இளைஞனின் தோளில் இருந்தது. ஒரு சாண் தொலைவில், ஒற்றைக் காலை மடித்து ஊன்றி, உடம்பு முழுவதையும் அந்த இடது முழங்காலில் தாங்கி, மச்சான் அசையாமல் நின்றான்.

வென்றோம். ஊரார் ஓடிவந்தனர். "எப்பிடி நிண்டான் பாத்தியளே!" "காலே அது, தூணெல்லோ!" என்று அவனைச் சூழ்ந்தனர். கூட்டத்தில் மிஸ்ஸியும் நின்றார். புத்தாண்டு விடுமுறைக்கு ஊர் வந்தவர், ஆட்டம் பார்க்க உறவினரோடு வந்திருந்தார். நேரே வந்து குனிந்து அவன் சில்லை அழுத்திப் பார்த்தார். நான் அருகே சென்று நின்றேன்.

"மாஸ்டர், ஆர் தொட்டதெண்டு நான் பாக்கேல்லை. தம்பியின்ர காலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார்.

"தொட்டது இவர்தான் மிஸ்ஸி" என்றான் மச்சான். "நான் நிண்டிருக்காட்டிப் போன வருசத்துக் கதைதான்."

அவன் கூறியது முற்றிலும் மெய், அதனாலேயே தாங்கமுடியவில்லை.

முள்ளியவளைக்குத் திரும்ப எங்களிடம் அவனுடைய சைக்கிள் ஒன்றே இருந்தது. நான் பின்னால் அமர்ந்தேன். மிதிக்கும்தோறும் அந்த முழங்கால் என் கண்முன் ஏறி இறங்கியது. ஓசையில்லாமல், எண்ணெய் இட்ட கப்பி போல ஏறி இறங்கியது. சிறிது தூரம் பொறுத்தேன்.

"இறங்கு மச்சான். நான் மிதிக்கிறன்."

"களைச்சுப் போவாய். இருந்து வா."

"சைக்கிள் காலுக்கு நல்லதெண்டு மிஸ்ஸி சொன்னவா. இறங்கடா."

இறங்கினான். நான் மிதித்தேன். மணல் வழியில் அவனுடைய உடற்பாரமும் சேர்ந்து இழுத்தது. ஒவ்வொரு சுற்றிலும் என் முழங்காலுக்குள் ஒரு சொடக்கொலி எழுந்தது. அது அவனுக்குக் கேட்டிராது என்று நம்பினேன். அவனோ பின்னால் அமர்ந்து, எதிரே வந்த வண்டிக்காரரையும் வாசற் படலைகளில் நின்றோரையும் கூவி அழைத்து, தான் எவ்வாறு நின்றான் என்பதை விவரித்துக்கொண்டே வந்தான். ஒவ்வொருவருக்கும் காலை நீட்டிக் காட்டினான். அவ்வாறு நீட்டும்போதெல்லாம் சைக்கிள் சாய்ந்தது. நான் தொடையை இறுக்கி அதை நேராக்கிக்கொண்டு போனேன்.