கறுப்புத் திரையும் தேவா அண்ணனும்

போன வாரம் என் மச்சான் ஒரு பழைய ஆப்பிள் மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு, ஓரமெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. "தூக்கிப் போட மனசு வரல லா. லினக்ஸ் போட்டா ஓடுமாமே?" என்றார். போட்டேன். திரை கறுத்துப்போய், மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்சிமிட்டியது. உள்ளே விசிறி இரைய ஆரம்பித்து, சூடேறிய தூசியின் வாடை வந்தது பாருங்கள், சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், பெர்மாஸ் ஜெயாவில் நான் வேலை பார்த்த அந்தக் கணினிக் கடைக்கே போய்விட்டேன்.

அங்கேதான் என் முதல் வேலை. சிங்கப்பூர் அலுவலகங்கள் கழித்துவிட்ட ஆப்பிள் கணினிகள் பெட்டி பெட்டியாக வந்திறங்கும். வயதான இயந்திரங்கள், புதிய மென்பொருளை ஏற்காது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி நாங்கள் காலேஜ் பிள்ளைகளுக்கு விற்போம். நான் டிப்ளோமா முடித்தவன் என்ற மிதப்போடு போனேன். எந்த விசையை அழுத்திக்கொண்டே கணினியை முடுக்க வேண்டும் என்று தெரியாமல், இருக்கிற விசையெல்லாம் அழுத்திப் பார்த்தேன். "ஆப்ஷன் கீ தம்பி, ஆப்ஷன். பியானோவா வாசிக்கிற?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். அவர்தான் தேவா அண்ணன்.

ஐம்பது வயதிருக்கும். சிங்கப்பூர் ஃபேக்டரியில் பல வருஷம் மெஷின் ஓட்டியவர். ஆட்குறைப்பில் வேலை போனது. அதை வீட்டில் அவர் சொல்லவே இல்லை. விடியுமுன் அதே ஃபேக்டரி சட்டையைப் போட்டுக்கொண்டு, சிங்கப்பூர்ப் பாலம் தாண்டப் போகிறவர் மாதிரி கிளம்புவார். கடைக்கு வந்து சட்டையை மாற்றிக்கொள்வார். மனைவிக்கும் மகளுக்கும் அவர் இன்னும் சிங்கப்பூர்க்காரர்தான்.

இது எங்கள் முதலாளிக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து அதுவே அவருக்குப் பொழுதுபோக்கு. குரலை உயர்த்தவே மாட்டார், சிரித்துக்கொண்டே செய்வார். லினக்ஸ் பாதியில் நின்றால் திரையில் ஆங்கிலத்தில் பிழைச் செய்திகள் வரிசைகட்டும். வாடிக்கையாளர் இருக்கிற நேரமாகப் பார்த்து, "சிங்கப்பூர் இன்ஜினியர், என்ன வருதுன்னு கொஞ்சம் சத்தமா படிங்க" என்பார். அண்ணன் தடுக்கித் தடுக்கிப் படிப்பார். 'ஃபர்ம்வேர்' அவர் வாயில் 'ஃபார்ம் வாரு' ஆகும். கடையே சிரிக்கும். ஒருமுறை அண்ணன் முடியாது என்றதற்கு, முதலாளி தன் போனை எடுத்துக் காட்டி, "வீட்டு நம்பர் எங்கிட்ட இருக்கு லா" என்றார். அதற்கப்புறம் அண்ணன் மறுத்ததில்லை.

ஒரு மழை மத்தியானம் மூன்று காலேஜ் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி எங்களிடம் வாங்கிய கணினியில் வைஃபை வரவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவள் பவித்ரா, அண்ணனின் மகள். அண்ணன் போனைத் திறந்தாலே அவள் முகம்தான் இருக்கும். எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

"இவ அப்பா சிங்கப்பூர்ல இன்ஜினியர். அவர்ட்ட காட்டலாம்னேன், வேணாம்னுட்டா" என்றாள் கணினிக்காரி.

முதலாளியின் முகம் மலர்ந்தது. "அப்படியா? எங்ககிட்டயும் ஒரு இன்ஜினியர் இருக்காரு. இன்ஜினியர், படிங்க."

அண்ணன் நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார். பிறகு குனிந்து படித்தார். 'ஃபார்ம் வாரு'வும் வந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்னம்மா, அங்கிள அப்படிப் பாக்குற? தெரிஞ்சவரா?" என்றார் முதலாளி.

"தெரியாது" என்றாள் பவித்ரா. பிறகு அவளும் சிரித்தாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாமதமாக.

அண்ணன் தன் போனைக் கேபிளில் மாட்டி, திரை தெரியாமல் மேசைமேல் கவிழ்த்து வைத்தார். போனின் இணையத்தை வைத்தே, கணினியில் இல்லாமலிருந்த வைஃபை டிரைவரை இறக்கினார். சிக்னல் கோடுகள் எழுந்தன. கிளம்பும்போது பவித்ரா குடையை மறந்தாள். அவர் எடுத்து நீட்டி, "மிஸ், உங்க குடை" என்றார். விரல் படாமல் வாங்கிக்கொண்டாள்.

"நல்ல பொண்ணு தேவா. பாசக்காரி" என்றார் முதலாளி.

கடை சாத்தும்போது, "அண்ணே, வீட்ல கேட்டா என்ன சொல்வீங்க?" என்றேன்.

"கேட்டா சொல்லிடுவேன் தம்பி. கேக்காமலே விட்டுட்டா?"

அவள் கேட்கவில்லை. மறுநாளும் அண்ணன் அதே ஃபேக்டரி சட்டையில் வந்தார். "இப்பல்லாம் காலையில அவதான் எழுந்து வந்து வழியனுப்புறா. 'பாலத்துல ஜாம் இல்லாம போயிட்டு வாங்கப்பா'ங்கறா" என்று ஒருநாள் சொன்னார். அதன்பின் வீட்டைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் குமிழித் தேநீர் விற்கிறார்கள், பிள்ளைகள் வாசல்வரை வரிசையில் நிற்கிறார்கள். முதலாளி கோலாலம்பூர் பக்கம் போனதாகக் கேள்வி. அண்ணன் நெஞ்சுவலியில் இறந்துபோனார். சொந்த ஊரான பத்து பகாட்டுக்கே உடலைக் கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பவித்ரா வாசலில் நின்று வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். "கடைசி வரைக்கும் அப்பா சிங்கப்பூர்லதான் வேலை பார்த்தாங்க."

திரும்பியவள் என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"நீங்க அப்பாவோட கம்பெனிதானே?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். "சிங்கப்பூர்ல."

தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் போனாள். அண்ணனும் நானும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தனை வருஷமும் அதோடு நடக்காததாகிவிட்டது.