கோலாப்பூர் லாரி

கோலாப்பூருக்குப் போனது நானும் அப்பாவும். அம்மா வரவில்லை. சென்னை மேனாம்பேட்டிலிருந்து புனே வரைக்கும் ரயிலில் வந்தவள், என் அறையில் பையை இறக்கி வைத்ததும், "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. அந்த ஊர்ல நான் கால் வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். வந்திருக்க வேண்டிய இன்னொருவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அவர் இறந்து பதினாறு வருஷம் ஆகிறது.

அப்படி ஓர் ஊர் இருப்பதே சிறு வயதில் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அது ஒரு குத்தல் பேச்சு. அப்பா சாப்பிட வரத் தாமதமானால், ரேஷன் கடைக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தால், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாவிட்டால், அடுப்படியில் இருந்தபடியே அம்மா கேட்பாள்:

"இன்னா, கோலாப்பூர் லாரி போணுமா?"

அப்பா எழுந்துவிடுவார். அவ்வளவு வேலை செய்த இன்னொரு பேச்சை நான் கேட்டதில்லை. நாலாம் வகுப்பில் தாமதமாக வந்த நண்பன் ஒருவனிடம் நானும் அதைச் சொன்னேன். ஏதோ சினிமா வசனம் என்று நினைத்து அவன் சிரித்தான். அதைப் பெருமையாக வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை அடித்தாள். ஏன் என்று சொல்லவில்லை. நான் பத்தாவது முடித்த பிறகுதான் சொன்னாள்.

அப்பா லோடுமேன். நசரத்பேட்டையில், பெங்களூர் ரோட்டை ஒட்டி ஒரு பார்சல் லாரி கொடவுனில் வேலை. மாமாவும் அங்கேதான். எங்களோடேயே இருந்தார். அப்பாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். காலையில் இருவரும் ஒரே சைக்கிளில் போவார்கள். மாமா மிதிப்பார், அப்பா பின்னால் உட்கார்ந்து சோற்றுத் தூக்கைப் பிடித்துக்கொள்வார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அங்கே அது தேவைப்படவும் இல்லை. வெளியூர்க் கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளத்தைப் பெட்டி மேல் பெயிண்டில் போட்டிருப்பார்கள். அதை மார்க்கா என்பார்கள். வட்டத்துக்குள் மீன் என்றால் ஹூப்ளி. இரட்டைக் கோடு என்றால் இந்தூர். முக்கோணத்துக்குள் பல்சக்கரம் என்றால் கோலாப்பூர். அவருக்கு ஊர்கள் எல்லாம் எடைகள்தான். இந்தூர் லேசு, ஒரே ஆள் தூக்கிவிடலாம். ஹூப்ளி தோளை அறுக்கும். கோலாப்பூர் நாலு பேர் பிடிக்க வேண்டிய மரப்பெட்டி. அந்தப் பெட்டிகளில் சிவப்புப் பெயிண்டில் ஏதாவது எழுதியிருந்தால் அது அவசரப் பெட்டி, அன்றைக்கே போயாக வேண்டும் என்று மேஸ்திரி சொல்லி வைத்திருந்தார். எழுத்து தெரியாவிட்டாலும் சிவப்பு தெரியும் இல்லையா.

நான் மூன்றாவது முடித்து முழுப்பரீட்சை லீவில் இருந்தேன். கத்திரி வெயில். சாய்த்து வைத்த பலகையில் கோலாப்பூர்ப் பெட்டியை லாரிக்கு ஏற்றும்போது கயிறு நழுவியது. கீழே நின்றது மாமா. பெட்டி நெஞ்சில் இடித்துத் தள்ளியது. ரத்தம் அதிகம் இல்லை. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாராம். இரண்டு பேர் அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அப்பா கூடப் போகவில்லை. பிளந்த பெட்டிக்கு ஆணி அடித்து, மறுபடி ஏற்றி, தார்ப்பாய் கட்டி, லாரியை அனுப்பிவிட்டுத்தான் போனார். அதற்குள் மாமா இரண்டு தடவை அம்மாவிடம், "மாமா வந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. மறுநாள் காலையில் எல்லாம் முடிந்தது.

அதற்காக அம்மா சண்டை போட்டதாக எனக்கு நினைவில்லை. அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டாள்.

ஆவடியில் டிப்ளமா படித்தேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான். வேலை புனேவுக்கு வெளியே சாக்கனில் கிடைத்தது, வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில். வந்த புதிதில் நானும் அப்பாவைப் போல் ஆகிவிட்டேன். கடைப் பலகை, பஸ் போர்டு எதையும் படிக்க முடியவில்லை. சிவப்பு பஸ்ஸா, பச்சை பஸ்ஸா என்று நிறம் பார்த்து ஏறினேன். மெஸ்ஸில் விரலைக் காட்டித்தான் சாப்பாடு கேட்டேன்.

பருவமும் பழகவில்லை. அங்கே ஆனியிலேயே மழை பிடித்துக்கொள்ளும். தீபாவளி வரும்போது வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். அப்போதுதான் அம்மா போன் செய்து, அயனம்பாக்கம் ஏரி தளும்புகிறது, அங்கே வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று கேட்பாள். இங்கே மழை முடிந்து ஒரு மாசம் ஆகிறது என்றால் நம்ப மாட்டாள். அவளைப் பயப்படுத்தக் கூடாதென்று பொய் சொல்கிறேன் என்று நினைப்பாள். மழை எல்லா ஊருக்கும் ஒரே சமயத்தில் வருவது என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். சாக்கனுக்குப் போகும்வரை நானும் அப்படித்தான். மார்கழியில் காலை ஷிப்டுக்கு நடக்கும்போது வாயிலிருந்து புகை வரும். முதல் தடவை வந்தபோது, நெஞ்சில் ஏதோ கோளாறு என்று பயந்து டீக்கடைக்காரரிடம் காட்டினேன். அவர் தன் வாயையும் ஊதிக் காட்டினார்.

பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்தே மராத்தி எழுத்தைக் கூட்டக் கற்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் அப்படி எழுத்துக் கூட்டிக்கொண்டு நின்றபோது ஒரு போர்டு கோலாப்பூர் என்று முடிந்தது. திரும்பவும் படித்தேன். ஏழெட்டுப் பேர் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தார். எங்கள் வீட்டில் குத்திக் காட்ட மட்டுமே சொல்கிற ஓர் ஊருக்கு இத்தனை பேர் சாதாரணமாகப் போய் வருகிறார்களே என்று இருந்தது.

அன்று மாலை போனில் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் அவராகவே கேட்டார், அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று. அரை நாள் பயணம் என்றேன். அதற்கு அடுத்த வாரம்தான் விஷயத்தைச் சொன்னார்.

"அந்தப் பொட்டி அன்னிக்கே போய்த்தான் ஆவணுமான்னு, அந்தக் கடைக்காராண்ட ஒரு வார்த்த கேக்கணும்டா."

பதினாறு வருஷமாக அவருக்குள் இருந்தது அதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. யாரோ அங்கே அந்தப் பெட்டிக்காகக் காத்திருந்தார்கள், அது போகாவிட்டால் அவர்களுக்கு ஒரு நஷ்டம் வந்திருக்கும் என்று தெரிந்தால், அம்மாவிடம் சொல்ல அவருக்கு ஒரு பதில் இருக்கும். இத்தனை வருஷமும் அவரிடம் இல்லாத பதில்.

அம்மாவிடமும் அதைச் சொன்னார். பொங்கல் முடிந்து இருவரும் வந்தார்கள். இடுப்பு போய், மூட்டை தூக்குவதை விட்டு, அப்பா இப்போது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வாட்ச்மேன். நாலு நாள் லீவு சொல்லியிருந்தார்.

பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தேன். வழியெல்லாம் கரும்பு. டிராக்டருக்குப் பின்னால் இரண்டு டிரெய்லர் கட்டி, பஸ்ஸை விட உயரமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். கட்டு எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று அப்பா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லோடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, வளைவில் பிடிக்காது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வெளியே பார்த்தபடியே, யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"அவன்தான்டா சொன்னான். ஆட்டோல ஒக்காந்துகினு. 'எனுக்கு ஒண்ணும் இல்ல மாமே, செவப்புப் பொட்டி அது, நீ ஏத்திட்டு வா'ன்னான்."

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"செத்தவன் மேல தூக்கிப் போடச் சொல்றியா?"

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் இதை இங்கே எழுத முடிகிறது. எழுதுவது சரியா என்று தெரியவில்லை.

கோலாப்பூரில் இறங்கியவர்கள் கோயில் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் மெஷின் சாமான் விற்கும் தெருவை விசாரித்தோம். அப்பாவிடம் இருந்தது ஒரு மார்க்கா மட்டும். அதை ஒரு காகிதத்தில் வரைந்து கொண்டுவந்திருந்தேன். இரண்டு கடைகளில் காட்டினேன், உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது கடையில் நான் போர்டை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். எதிர்ச் சாரியில், மங்கிப்போன தகரப் பலகையில், முக்கோணத்துக்குள் பல்சக்கரம். தெருவில் இருந்த அத்தனை போர்டுகளிலும் அவரால் படிக்க முடிந்தது அது ஒன்றுதான்.

கடைக்காரருக்கு அப்பா வயது இருக்கும். எனக்குத் தெரிந்த இந்தியில், உங்கள் பெட்டிகளைச் சென்னையில் லாரிக்கு ஏற்றியவர் இவர் என்றேன். அவர் எழுந்து தன் நாற்காலியை அப்பா பக்கம் நகர்த்தினார். அப்பா உட்காரவில்லை. மாமா இறந்ததை இவரிடம் சொல்லாதே, வியாபாரம் பண்ணும் இடம் என்று தமிழில் என்னிடம் சொன்னார். டீ வந்தது. பெட்டிக்குள் என்ன வரும் என்று கேட்டேன். கரும்பு பிழியும் மெஷினுக்குப் பல்சக்கரம் என்றார் கடைக்காரர். சித்திரை, வைகாசி வெயிலில் வரும் பெட்டிகளும் அவசரமானவைதானா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. வெயில் காலத்தில் ஏது கரும்பு என்றார். தீபாவளிக்குப் பிறகுதான் ஆலை ஓடும். வெயிலில் ஆர்டர் போட்டால் விலை கொஞ்சம் குறையும், அதற்காக முன்கூட்டியே வாங்கிப் போடுவது. பெட்டி வந்தால் பின்கட்டில் கிடக்கும். தசராவுக்குத்தான் ஆணி பிடுங்குவோம். அதுவரை பார்சல் ஆபீஸிலேயே கிடந்தாலும் கவலையில்லை.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்கு இந்தி தெரியாது. நடுவில் நான் ஒருவன். ஆமாம்பா, ரொம்ப அவசரமாம், அது வந்துதான் மெஷின் ஓடிச்சாம் என்று நான் சொல்லியிருந்தால் உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் நிம்மதியாக ஊர் திரும்பியிருப்பார். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்.

"அந்தாளு சொன்னத அப்டியே சொல்லு. நீயா ஒண்ணும் சேக்காத."

சொன்னேன். ஆலை ஓடும் மாசத்தையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு கடையின் மூலைக்குப் போனார். அங்கே பிரிக்காத பெட்டிகள் ஏழோ எட்டோ அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் சிவப்பு எழுத்து.

"இன்னா எழுதிக்கீது?"

"அர்ஜென்ட்னு."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்ப்பா."

குனிந்து, அடிப்பெட்டியின் ஓரத்தில் ஒரு கையைக் கொடுத்தார். தூக்கப் போகிறவர் மாதிரி. தூக்கவில்லை. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, வா போகலாம் என்றார். கடைக்காரர் தெரு வரைக்கும் வந்து அவரைக் கும்பிட்டார். எதற்கு வந்தோம் என்று அவருக்குக் கடைசிவரை புரிந்திருக்காது.

மாலையில் அந்த ஊர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் வேர்க்கடலை, சோளம், குதிரைச் சவாரி, போட்டோ எடுக்கும் ஜோடிகள். அப்பா தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். அவர் தேடி வந்த பதில் இப்போது அவருக்கு எதிராகவே ஆகிவிட்டது. திரும்பிப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது என்று நான்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை, கடையை மூடிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம் என்றேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினோம்.

அறைக்கு வந்தபோது என் துணியெல்லாம் துவைத்து மொட்டை மாடிக் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா கரண்ட் அடுப்பில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார்.

"அவசரம் இல்லியாம். தீபாளிக்கி அப்பறந்தான் அதுக்கு வேலையாம்."

ஆட்டோவில் மாமா சொன்ன வார்த்தையையும் சேர்த்துச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது எனக்குத்தான். அவர் என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டேன்.

அம்மா அடுப்பை அணைத்தாள்.

"அவசரந்தான்னு சொல்லிக்கினு வந்திருந்தா எனுக்கு இன்னா தெரிஞ்சிருக்கப் போவுது?" என்றாள்.

"தெரியாதுதான்" என்றார் அப்பா.

அவள் வந்து அவர் கையிலிருந்த பையை வாங்கிச் சுவரோரம் வைத்தாள். முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்பா செருப்பைக் கழற்றி உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவளும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, போய் வர மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள்.

பஸ், ஒரு நாள் ரூம், ஆட்டோ, சாப்பாடு, எல்லாம் சேர்த்து மூவாயிரத்து இருநூற்று எழுபது ரூபாய்.